நலமடித்த கடுவனையும் பெட்டையையும் ஒரே கூட்டில் பழக்குவது எப்படி: கினிப்பன்றி வளர்ப்போருக்கு

கினிப்பன்றி தனியே வாழக்கூடிய பிராணி அல்ல. சுவிற்சர்லாந்தில் அதைத் தனியொன்றாக வளர்ப்பதைச் சட்டமே 2008 முதல் தடுத்திருக்கிறது. அங்கே உறவினர் உள்ள பலருக்கு இது தெரிந்திருக்கும். கொழும்புத் தொடர்மாடிகளில் சோடி சேர்க்க நினைப்பவர்களுக்கு நாம் முதலில் சொல்வது நலமடித்த, அதாவது விதை நீக்கிய, கடுவன் ஒன்று, பெட்டை ஒன்று என்பதுதான். இரண்டு கடுவன்கள் ஒத்துப்போவதும் உண்டு. ஆனால் சில மாத வயதில் பருவம் முற்றும்போது சின்னக் கூட்டுக்குள் சண்டை மூள்வதே அதிகம். நலமடித்த கடுவனுக்கும் பெட்டைக்கும் இடையில் அதிகாரப் போட்டி பெரும்பாலும் இல்லை. அப்படியிருந்தும் இந்தச் சோடி முறிகிறதென்றால், அநேகமாக வளர்ப்பவரின் அவசரமே காரணம். ஒன்றில் குறித்த நாளுக்கு முன்பே சேர்த்துவிடுவார்கள், அல்லது சேர்த்த பிறகு பயந்து பிரித்துவிடுவார்கள்.

முதலில் எது கடுவன், எது பெட்டை என்பதை நீங்களே பார்த்து உறுதிசெய்யுங்கள். கடைக்காரர் சொன்னதை நம்பி இரண்டு பெட்டை வாங்கி, இரண்டரை மாதம் கழித்து ஐந்து கினிப்பன்றிகளோடு நிற்பவர்கள் நிறையப் பேர். பிராணியின் முதுகை உங்கள் நெஞ்சோடு சாய்த்து, பின்பக்கத்தைக் கையால் தாங்கிப் பிடியுங்கள். பெட்டைக்கு அந்த இடம் ஆங்கில ஒய் எழுத்தின் வடிவில் பிளந்திருக்கும். கடுவனுக்கு ஒரு புள்ளியும் அதற்குக் கீழே நேர்கோடும் தெரியும். புள்ளிக்குச் சற்று மேலே விரலால் மெல்ல அழுத்தினால் தோலுக்கடியில் குச்சி போன்ற ஒன்று தட்டுப்படும். முலைக்காம்பை வைத்துத் தீர்மானிக்க வேண்டாம், இரண்டு பாலுக்கும் இரண்டிரண்டு காம்பு உண்டு.

பெட்டை ஏற்கெனவே சினையாக வரவும் கூடும். கடைகளில் எல்லாவற்றையும் ஒரே கூட்டில் அடைத்து வைப்பதால் இது சாதாரணம். சினைக்காலம் 59 முதல் 72 நாள். ஆகவே வாங்கிய நாளிலிருந்து பதினொரு வாரம் கடக்கும்வரை வாரம் ஒருமுறை நிறை பாருங்கள். குட்டி ஈன்றால் ஆண் குட்டிகளை 3 வார வயதில் தாயிடமிருந்து பிரித்துவிட வேண்டும், அந்த வயதிலேயே சில குட்டிகள் பருவமடைந்துவிடும்.

நலமடித்தலும் ஆறு வாரமும்

கொழும்பில் நாய், பூனை பார்க்கும் மிருக வைத்தியர்கள் பலர். கினிப்பன்றிக்கு நலமடித்துப் பழகியவர்கள் சிலர்தான். நாள் குறிக்க முன்பு மூன்று விடயங்களைக் கேளுங்கள். இதற்கு முன் கினிப்பன்றிக்கோ முயலுக்கோ இதைச் செய்திருக்கிறாரா? சத்திரசிகிச்சைக்குப் பிறகு நோவுக்கு மருந்து தருவாரா? கவட்டுத் துவாரத்தை மூடித் தைப்பாரா? மூன்றாவது கேள்வி முக்கியமானது. கினிப்பன்றிக் கடுவனுக்கு வயிற்றறைக்கும் விதைப்பைக்கும் இடையிலான வழி வாழ்நாள் முழுவதும் திறந்தே இருக்கும். அதை மூடாவிட்டால் கொழுப்போ குடலோ கீழே இறங்கலாம். பழகிய வைத்தியர் இந்தக் கேள்வியைக் கேட்டு முகம் சுளிக்க மாட்டார்.

முதல் நாள் இரவிலிருந்து பட்டினி போடச் சொன்னால் திரும்பக் கேளுங்கள். நாயையும் பூனையையும் பட்டினி போடுவது வாந்தியெடுக்கும் என்ற பயத்தினால். கினிப்பன்றியால் வாந்தியெடுக்க முடியாது. வயிறு வெறுமையாக இருந்தால் அதன் குடல் ஓட்டமே நின்றுபோகும். வீட்டுக்கு வந்ததும் மரத்தூளில் விடாமல் சுத்தமான பருத்தித் துணியில் விடுங்கள், தூள் காயத்தில் ஒட்டிச் சீழ் பிடிக்கும். அன்றிரவே புல்லைக் கடிக்கத் தொடங்க வேண்டும். 12 மணித்தியாலம் கடந்தும் ஒன்றும் தின்னாவிட்டால் வைத்தியரை அழையுங்கள். காயத்தை 14 நாள்வரை தினமும் பாருங்கள். வீக்கம் சிறிதாக இருக்கும்போதே காட்டுவது நல்லது.

இனி, எல்லோரும் குறைத்துக்கொள்ளப் பார்க்கும் ஆறு வாரம். விதையை எடுத்த பிறகும் குழாய்களில் தங்கிய விந்து உயிரோடு இருக்கும். “ஒரு மாதம் போதும்” என்று சொல்பவர்கள் உண்டு. நாம் சொல்வது முழு ஆறு வாரம், சத்திரசிகிச்சை நடந்த நாளிலிருந்து எண்ணி. நாட்காட்டியில் திகதியை வட்டமிட்டு வையுங்கள். இதில் இவ்வளவு கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் பெட்டையின் இடுப்பெலும்பு. ஏழு எட்டு மாத வயதுக்குள் ஒருமுறையேனும் ஈனாத பெட்டையின் இடுப்புப் பொருத்து இறுகிவிடுவதுண்டு. அதற்குப் பிறகு முதன்முதலாகச் சினைப்பட்டால் குட்டி வெளியே வர வழியில்லாமல் தாயும் குட்டியும் சேர்ந்து சாகலாம். ஒரு வார அவசரத்துக்கு அவ்வளவு பெரிய விலை.

இந்த ஆறு வாரம் வீணாகப் போவதில்லை. முதல் 3 வாரத்தைத் தனிமைப்படுத்தலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாக வந்ததை வேறு அறையில் வைத்து, பழையதைக் கவனித்த பிறகே புதியதைத் தொடுங்கள், பிறகு சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். முகத்திலும் காதிலும் முடி கொட்டிப் பொருக்குத் தட்டினால் படர்தாமரை. அது மனிதருக்கும் தொற்றும், பிள்ளைகளைத் தூக்க விடாதீர்கள். ஓயாமல் சொறிந்து, முதுகைத் தொட்டதும் துடித்து வலிப்பு வந்ததுபோல் உருண்டால் தோலுக்குள் சிற்றுண்ணி. தும்மலும் மூக்கடைப்பும் இருந்தால் சேர்க்கும் திட்டத்தைத் தள்ளிப்போடுங்கள். நோயுள்ள பிராணி நோவினால் கடிக்கும், அதைக் குணம் சரியில்லை என்று எண்ணிவிடுவோம்.

அடுத்த 3 வாரம் அடுத்தடுத்த கூடுகளில். இடையில் 10 சென்ரிமீற்றர் இடைவெளி விடுங்கள்: ஒன்றையொன்று பார்க்கும், மணக்கும், கதைக்கும், கடிக்க முடியாது. கூட்டுச் சுவர் 40 சென்ரிமீற்றர் உயரம் இருக்கட்டும். பெட்டையின் வாடை பட்ட கடுவன் தாழ்ந்த சுவரைத் தாவிவிடும். இரண்டு நாளுக்கொருமுறை விரித்த துணியைக் கூடு மாற்றிப் போடுங்கள். வீட்டில் ஏற்கெனவே ஒற்றுமையாக இருக்கும் இரண்டு கடுவன்கள் இருந்தால் பெட்டையை அந்த அறைக்குள்ளேயே கொண்டுவர வேண்டாம், வாடை ஒன்றே அவற்றைப் பிரித்துவிடும். ஒரு கடுவனுக்கு இரண்டு பெட்டை சரி. இரண்டு கடுவனுக்கு ஒரு பெட்டை ஒருபோதும் சரிவராது, நலமடித்திருந்தாலும்.

சேர்க்கும் நாள்

சனிக்கிழமை காலை 6.30 நல்ல நேரம். வீட்டில் ஆள் இருக்கும், மிருக வைத்தியசாலைகள் திறந்திருக்கும், வெயில் ஏற முன்பு முதல் பரபரப்பு அடங்கிவிடும். கினிப்பன்றிக்கு உகந்த வெப்பநிலை 18 முதல் 24 பாகை செல்சியஸ். கொழும்பில் பகல் 30ஐத் தாண்டும், ஈரப்பதமும் கூட. ஓடிக் களைத்த பிராணிக்கு இந்த வெக்கை ஆபத்து. மார்ச், ஏப்ரலில் என்றால் ஏசி உள்ள அறையைப் பாருங்கள், அல்லது மழை தொடங்கும்வரை பொறுங்கள். மின்விசிறி நேரே மேலே அடிக்காமல் சுவரில் பட்டுத் திரும்பட்டும். தண்ணீர்ப் போத்தல் இரண்டை முதல் நாளே உறையவைத்துத் துவாயில் சுற்றி வைத்தால் வேண்டியது அதில் சாய்ந்துகொள்ளும். வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, எச்சில் வடிந்தாலோ, படுத்தபடி எழும்பாமல் கிடந்தாலோ அது வெப்பத் தாக்கம்: காதையும் பாதங்களையும் சாதாரணத் தண்ணீரால் நனைத்து உடனே வைத்தியரிடம் கொண்டுபோங்கள். ஐஸ் தண்ணீர் ஊற்றக் கூடாது.

இடம் இரண்டுக்கும் புதியதாக இருக்க வேண்டும். ஒன்றின் கூட்டுக்குள் மற்றதைக் கொண்டுபோய் விடுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. தன் வாடை படிந்த இடத்தைப் பெட்டை விட்டுக்கொடுக்காது. அது இதுவரை போகாத அறையில் 150 சென்ரிமீற்றருக்கு 120 சென்ரிமீற்றர் அளவில் காட்போட் அட்டையால் வேலி கட்டுங்கள். டைல்ஸ் நிலத்தில் கால் வழுக்கும், வழுக்கும் பிராணி பயப்படும், பயந்தது கடிக்கும். அதனால் தடித்த பழைய படுக்கை விரிப்பை ஓரம் மடித்து இறுக்கிப் போடுங்கள்.

உள்ளே ஒளிய வீடு எதுவும் வைக்காதீர்கள். ஒரே வாசலுள்ள வீட்டுக்குள் ஒன்று புகுந்து மற்றது வாசலை மறித்தால் இரத்தம் வராமல் முடியாது. நடுவில் பெரிய புல்லுக் குவியல் ஒன்று, நான்கு மூலையிலும் சின்னக் குவியல்கள், இரண்டு தண்ணீர்ப் போத்தல்கள், இவ்வளவும் போதும். இறக்குமதித் திமொத்திப் புல் விலை என்றால் நம் ஊரில் எங்கும் வளரும் கினிப்புல்லும் நல்லது. தெருவோரத்தில் வெட்டியது வேண்டாம், நாயின் சிறுநீரும் களைநாசினியும் பட்டிருக்கும். பச்சைப் புல் தின்று பழகாததற்கு அன்றுதான் முதன்முதலாகக் கொடுத்தால் வயிறு ஊதும். ஒரு வாரம் முன்பே சிறிது சிறிதாகத் தொடங்குங்கள். மரக்கறி என்றால் வல்லாரை, சலாது இலை, வெள்ளரிக்காய், குடைமிளகாய். குடைமிளகாய் எப்போதும் இருக்கட்டும்: கினிப்பன்றியின் உடல் விற்றமின் சியைத் தானே உண்டாக்காது, பதற்றமான நாட்களில் தேவையும் கூடும். லீக்ஸ், வெங்காயம், உள்ளி, உருளைக்கிழங்கு ஆகவே ஆகாது.

இரண்டையும் ஒரே நேரத்தில், எதிரெதிர் முனையில் இறக்குங்கள். சேர்க்க முன் குளிப்பாட்டுவதும் வனிலா எசன்ஸ் தடவுவதும் வேண்டாம். வாடைதான் அவை ஒன்றையொன்று அறியும் வழி, அதை மறைப்பதால் குழப்பமே மிஞ்சும்.

என்ன நடக்கும், எதற்குப் பயப்பட வேண்டும்

கடுவன் பின்பக்கத்தை மணக்கும். பிறகு தொண்டைக்குள்ளிருந்து அதிரும் சத்தத்தோடு, இடுப்பை இரு பக்கமும் ஆட்டி, மெதுவாகப் பெட்டையைச் சுற்றி நடக்கும். நலமடித்ததால் இது போகாது, ஏறுவதும் போகாது. “வைத்தியர் ஒழுங்காகச் செய்யவில்லையோ” என்று சந்தேகப்பட வேண்டாம். பெட்டை ஓடும், திரும்பி நின்று பின்புறமாகச் சிறுநீரைப் பீச்சியடிக்கும். குறி தப்பாது. கடுவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி வரும். அது பெட்டை “இப்போது வேண்டாம்” என்று சொல்லும் முறை, சண்டைக்கான அழைப்பு அல்ல. சில பெட்டைகள் தாமே கடுவன்மேல் ஏறும். இந்தச் சோடியில் கடைசிச் சொல் பெரும்பாலும் பெட்டையுடையதுதான், அதைக் கடுவன் ஏற்றுக்கொண்ட பிறகே அமைதி வரும்.

முகத்தோடு முகம் வைத்து இரண்டும் நாடியை மேலே உயர்த்தும். முதலில் தாழ்த்தியது விட்டுக்கொடுத்தது. கொட்டாவி விடுவதுபோல் வாயைத் திறந்து பல்லைக் காட்டும். சிறிது நேரம் பல்லை நறநறக்கும். முடியைப் பிடுங்கும், துரத்தும், பின்பக்கத்தை மூக்கால் தள்ளும். இவை எல்லாம் நடக்க வேண்டியவை. கீச்சென்ற அலறல்தான் பலரின் மனதை உடைத்துவிடுகிறது, கொலை நடப்பதுபோலவே கேட்கும். ஆனால் அலறுவது “அடங்கிவிட்டேன், விடு” என்று சொல்லும் பிராணி. அதைக் கேட்டு மற்றது விலகினால் பாடம் முடிந்தது. காதால் கேட்டு முடிவெடுக்காதீர்கள், கண்ணால் பாருங்கள்: தோல் கிழிந்ததா? துரத்தப்பட்டது இடையில் நின்று புல் தின்கிறதா? தின்றால் கையைக் கட்டிக்கொண்டிருங்கள்.

உண்மையான சண்டை வேறு மாதிரி வரும், சத்தம் குறைவாக. உடல் விறைக்கும், கழுத்து முடி சிலிர்க்கும், பல் நறநறப்பு நிற்காமல் நீளும், இரண்டும் அசையாமல் நேருக்கு நேர் நிற்கும். இந்தக் கட்டத்தில் அட்டைத் துண்டொன்றை நடுவில் இறக்கி, கைப்பிடி கொத்தமல்லித் தழையைப் போடுங்கள். பெரும்பாலும் கவனம் திரும்பிவிடும். அதைத் தாண்டிப் பாய்ந்து, பந்துபோல் உருண்டு கட்டிப்பிடித்தால் வெறுங்கையை நீட்டவே கூடாது, எலும்புவரை கடிபடும். தடித்த துவாயை மேலே போட்டு, குப்பை அள்ளும் தட்டால் பிரியுங்கள். துவாயும் தட்டும் தொடக்கத்திலிருந்தே கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

காது நுனியிலோ உதட்டிலோ சின்னக் கீறல், இரத்தம் உடனே நின்று இரண்டும் அடங்கிவிட்டன என்றால் தொடரலாம். ஆழமான கடி என்றால் அன்றைக்கு முடிந்தது. கொதித்தாறிய அரை லீற்றர் தண்ணீரில் ஒரு மட்டத் தேக்கரண்டி உப்புக் கரைத்துக் காயத்தைக் கழுவி வைத்தியரிடம் காட்டுங்கள். வீட்டு அலுமாரியில் மிச்சமிருக்கும் அமொக்சிசிலினைக் கொடுத்துவிடாதீர்கள். பெனிசிலின் வகை மருந்தை வாய்வழியாகக் கொடுத்தால் கினிப்பன்றியின் குடலில் உள்ள நல்ல கிருமிகள் அழிந்து பிராணி இறந்துபோகும். நாய்க்கு எழுதிப் பழகிய கை தவறுதலாக அதையே எழுதினாலும் நீங்கள் ஒருமுறை கேட்டு உறுதிசெய்யுங்கள்.

குறைந்தது 4 முதல் 6 மணித்தியாலம் விடுங்கள். “இன்றைக்கு அரை மணித்தியாலம், நாளைக்கு ஒரு மணித்தியாலம்” என்று தவணை முறையில் சேர்ப்பது இரக்கம் போலத் தெரியும், ஆனால் அதுதான் கொடுமை. பிரித்த ஒவ்வொரு முறையும் யார் பெரிது என்ற கணக்கு அழிந்து, மறுநாள் முதலிலிருந்து தொடங்கும். விதிவிலக்கு ஒன்று: ஒன்று மற்றதை ஒரு மணித்தியாலமாக விடாமல் துரத்தி, தின்னவோ படுக்கவோ விடவில்லை என்றால் நிறுத்துங்கள்.

இரண்டும் ஒரே குவியலில் தின்று, தன் முகத்தைத் தானே கழுவி, காலை நீட்டிப் படுத்தால் அந்த அமைதியைக் குலைக்காமல் அப்படியே நிரந்தரக் கூட்டுக்கு மாற்றுங்கள். ஒட்டிப் படுக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். கினிப்பன்றி முயல் அல்ல. நல்ல சோடிகூட ஒரு சாண் இடைவெளி விட்டுத்தான் படுக்கும்.

கூடும் முதல் இரண்டு வாரமும்

சோடிக்கு 120க்கு 60 சென்ரிமீற்றர் என்பது கடைசி எல்லை, 150க்கு 60 கிடைத்தால் சண்டை பாதியாகும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டித் தொடர்மாடிகளில் இடம் இறுக்கம்தான். கட்டிலுக்கடியில் உள்ள நிலத்தைக் கம்பி வலைத் துண்டுகளால் அடைத்தாலும் அந்த அளவு வந்துவிடும். பல்கனி வேண்டாம், பகலில் காகமும் இரவில் எலியும் வரும். சேர்க்கும் நாளன்றே கூட்டை வினாகிரியும் தண்ணீரும் சம அளவு கலந்து கழுவி, விரிப்பு முழுவதையும் மாற்றி, சாமான்களை இடம் மாற்றி வையுங்கள். ஒருவருடைய வீடு என்ற நினைப்பு எந்த மூலையிலும் மிஞ்சக் கூடாது. வீடுகள் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாசல்; காட்போட் பெட்டியில் எதிரெதிரே வெட்டினால் போதும். தண்ணீர் இரண்டு, புல் இரண்டு இடத்தில். மேல்தட்டும் ஏணியும் இரண்டு வாரம் கழித்து. மரக்கறி மிச்சத்தை ஒரு மணித்தியாலத்தில் எடுத்துவிடுங்கள், எறும்பு வரும்.

துரத்தல் அலைபோல் வந்து போகும். 15 முதல் 17 நாளுக்கொருமுறை பெட்டை பருவத்துக்கு வரும். அன்று அரை நாள்போலக் கடுவன் ஓயாமல் அதிர்ந்து சுற்றும், மறுநாள் ஒன்றும் நடவாததுபோல் இருக்கும். சோடி முறிந்துவிட்டது என்று அந்த நாளில் முடிவெடுத்துப் பிரிப்பவர்கள் பலர்.

சமையலறைத் தராசு இங்கே கண்ணைவிட நம்பகமானது. முதல் இரண்டு வாரம் ஒன்றுவிட்டொருநாள், பிறகு வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில் நிறுத்துக் கொப்பியில் எழுதுங்கள். 20, 30 கிராம் ஏறி இறங்குவது வழமை. 50 கிராம் இறங்கினால் தீனியைக் கவனியுங்கள், 100 என்றால் வைத்தியர். நிறுக்கும்போதே இடுப்புப் பக்கத்து முடியை விலக்கிப் பாருங்கள். அமைதியாகத் தெரியும் சோடியிலும் கடிகாயம் அங்கேதான் மறைந்திருக்கும்.

சரிவரவில்லை என்றால் 3, 4 வாரம் அடுத்தடுத்த கூடுகளில் விட்டு, வேறு அறையில், இன்னும் பெரிய இடத்தில் மறுபடி முயலுங்கள். அதற்குள் பெட்டையை ஒருமுறை வைத்தியரிடம் காட்டுங்கள். வளர்ந்த பெட்டைகளுக்குச் சூலகக் கட்டி அடிக்கடி வரும். விலாவின் இருபுறமும் முடி உதிர்ந்து, யாரையும் கிட்ட விடாத சிடுசிடுப்பு அதன் அறிகுறி. கட்டியைக் கவனித்த பிறகு அதே கடுவனை ஏற்றுக்கொள்வதும் நடக்கிறது. இரண்டாம் முறையும் இரத்தம் வந்தால் மூன்றாம் முறை வேண்டாம். ஒரே பெரிய கூட்டைக் கம்பித் தடுப்பால் இரண்டாகப் பிரியுங்கள், மூக்கு நுழையாத அளவு நெருக்கமான கம்பியாக. இரு பக்கத்துப் புல்லையும் தடுப்போடு ஒட்டி எதிரெதிரே வையுங்கள். ஒன்று தின்ன வரும் சத்தம் கேட்டதும் மற்றதும் வந்து, கம்பிக்கு அப்பால் நின்று கூடவே தின்னும்.